அறுபத்து நான்கு புரோகிராம்களும் ஒரே ஓனரும்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று என் அண்ணிக்கு இன்றுவரை விளங்கவில்லை. "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி வைத்ததோடு சரி. அண்ணியும் வீட்டில் பிரிண்டர் மக்கர் பண்ணும்போதெல்லாம் எனக்குத்தான் போன் போடுகிறார். உண்மையைச் சொன்னால் இன்னும் மோசமாகிவிடும். நான் புரோகிராம் எழுதுகிறவள் இல்லை. மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களுக்குப் பட்டியல் வைத்திருக்கிறவள். எந்த புரோகிராம் எங்கே கிடக்கிறது, என்ன செய்கிறது, யாருடையது என்று ஒரு பட்டியல். அதற்கா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அண்ணி கேட்பார். நியாயமான கேள்வி. நானே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆபீஸ் சிங்கப்பூரின் சாங்கியில், விமான நிலையத்துக்குப் பின்புறம். சரக்கு அனுப்பும் கம்பெனி. வீடு புக்கிட் பாஞ்சாங். தீவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தினமும் போய்விட்டு வருகிறேன். ரயில், பஸ் எல்லாம் சேர்த்து எடுத்துக்கொள்ளும் நேரத்தில் எங்கள் சரக்கு சென்னைக்குப் பாதி தூரம் போய்விடும். அந்தச் சரக்கு ஒழுங்காகப் போவதற்குத்தான் அறுபத்து நான்கு புரோகிராம்கள். ஒன்று சரக்குச் சீட்டைப் படிக்கும், ஒன்று எடை சரிபார்க்கும், ஒன்று லேபிள் அடிக்கும். எழுதியவர்கள் ஐந்து பேர். அவர்களுக்கு மேலே மேனேஜர். பக்கவாட்டில் எங்கோ நான்.

மேனேஜர் தமிழர், எழுதும் ஐந்து பேரும் தமிழர்கள், நானும் தமிழச்சி. இது எப்படி என்று யாரும் கேட்டதில்லை. இன்டர்வியூ எடுத்தவர் மேனேஜர் என்பதால் கேட்கவும் தேவையில்லை.

பட்டியல் என்றால் எக்செல் என்று நினைத்துவிடாதீர்கள். தலைமையகம் ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் ஊரில் இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் இதற்கென்றே ஒரு கருவி செய்து அனுப்பினார்கள். அதற்குப் பட்டன் கிடையாது, படம் கிடையாது, மவுஸ் வேலைக்கே ஆகாது. கறுப்புத் திரை ஒன்று திறக்கும். அதில் ஒரு வரி கட்டளை தட்ட வேண்டும். சேர் என்றால் சேர்க்கும், நீக்கு என்றால் நீக்கும், காட்டு என்றால் காட்டும். தப்பாகத் தட்டினால் "தெரியவில்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடிய வேறு யாரையும் நான் எங்கள் ஆபீசில் பார்த்ததில்லை. அதனாலேயே எனக்கு அதைப் பிடித்துப்போனது.

முதன்முதலில் பட்டியல் போட எங்களுக்கு இரண்டு நாள் கொடுத்தார்கள். பெயர், என்ன செய்கிறது, ஓனர் யார். மூன்றே கட்டம். "என்ன செய்கிறது" என்பதை ஒவ்வொருவர் பக்கத்திலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டு, ஆளுக்கொரு மாதிரி உளறியதை நானே ஒழுங்குபடுத்தி எழுதினேன். அறுபத்து நான்கு வரிகள். ஒவ்வொன்றும் பளிச்சென்று இருக்கும், சொல்லிவிட்டேன். பிறகு ஓனர் கட்டம் வந்தது.

முதலில் எங்கள் ஆபீசின் ஒரே பெண் எஞ்சினியரிடம் போனேன். தமிழ்நாட்டிலிருந்து வந்தவள், முப்பத்து மூன்று வயது, வேலைக்கு வந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். புரோகிராம்களில் பாதி அவள் கை. கிடங்கில் எந்த மெஷின் நின்றாலும் அங்கே உள்ள ஆட்கள் நேரே அவளுக்குத்தான் வாட்ஸ்அப் அனுப்புவார்கள். அவளும் "ரெண்டு நிமிஷம்ணா" என்று சொல்லி, ஒன்றரை நிமிடத்தில் சரி பண்ணிவிடுவாள்.

"ஓனர் யாருன்னு போடட்டும்? உன் பேருதானே?" என்றேன்.

"ஐயோ, சார் பேரே போடுங்கக்கா. நம்ம பேரு எதுக்கு?"

"நீதானே எழுதின?"

"எழுதினது நான்தான். அதுக்காக நம்மளே நம்ம பேரைப் போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்? சார் என்ன நினைப்பாரு?"

மற்ற நான்கு பேரும் அதையேதான் சொன்னார்கள். அதில் ஒருவர், "மேல சார் பேரு, கீழ சின்னதா நம்ம பேரு, அப்படிப் போட முடியாதா?" என்று கேட்டார். கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்றேன். அப்போ சார் பேர்தான் என்று முடித்துவிட்டார்.

எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். லிட்டில் இந்தியாவில் நடக்கும் எந்த விழாவின் நோட்டீசை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். தலைமை என்று ஒருவர், முன்னிலை என்று நால்வர், வாழ்த்துரை என்று ஒரு பட்டாளம். நாற்காலி பிடித்தவர், மைக் கட்டியவர், ஹாலுக்கு அனுமதி வாங்க நாயாய் அலைந்தவர், இவர்கள் பெயர் அச்சாபீஸ் விலாசத்துக்கு மேலே கூட வராது. தலைமை தாங்குபவர் பாதியில் வந்து பாதியில் போவார். நாமும் எழுந்து நின்று வழியனுப்புவோம். அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தவள் நான். முன்பு குடியிருந்த செம்பவாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் ஆட்கள் நடத்திய அத்தனை பொங்கலுக்கும் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தவளே நான்தான். அதனால் மறுபேச்சு இல்லாமல் கறுப்புத் திரையைத் திறந்து, ஒரே கட்டளையில் அறுபத்து நான்கையும் மேனேஜர் பெயரில் போட்டேன்.

அந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. யார் பெயரில் போட்டாலும் அந்த ஆளிடம் கேட்கும். "இது உங்களுடையது. ஒப்புக்கொள்கிறீர்களா?" 'ஒய்' தட்டினால் ஆமாம், 'என்' தட்டினால் இல்லை. மேனேஜர் மீட்டிங் முடிந்து வந்து திரையைப் பார்த்தார்.

"என்னம்மா இது, எல்லாம் என் பேர்ல? நான் என்ன செஞ்சேன்?" என்று கூச்சப்பட்டார். கூச்சம் உண்மைதான். ஆனால் விரல் கூச்சப்படவில்லை. டக் டக் டக் என்று அறுபத்து நான்கு முறை ஒய் விழுந்தது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஒப்புக்கொள்ள ஒரு குறுக்குவழி உண்டு, அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகத் தட்டுவதை அவர் ரசித்துச் செய்துகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் இப்படியே போனது. தலைமையகம் அவருக்கு ஒரு சான்றிதழ் அனுப்பியது, ஆசியாவிலேயே அதிகம் புரோகிராம் வைத்திருப்பவர் என்று. ஃபிரேம் போட்டு, மேசைக்குப் பின்னால் சாமி படத்துக்குக் கீழே மாட்டினார். நாங்கள் எல்லோரும் கைதட்டிக் கேக் சாப்பிட்டோம். அந்தக் கேக்கையும் ஆர்டர் பண்ணியது, பாதி புரோகிராம் எழுதிய அவள்தான்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, வீடியோவில் தலைமையகத்து அம்மா வந்தார். பாட்டிலில் அடைத்த சிரிப்பு மாதிரி ஒரு சிரிப்பு எப்போதும் முகத்தில் இருக்கும். கம்பெனி ஆட்களைக் குறைக்கப் போகிறதாம். யாரைக் குறைப்பது என்று முடிவு செய்ய மனிதர்களை நம்பினால் பாரபட்சம் வருமாம். அதனால் பட்டியலையே நம்பப் போகிறார்களாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பட்டியலை எடுப்பார்கள். யார் பெயரில் ஒரு புரோகிராம்கூட இல்லையோ, அவர் போக வேண்டியதுதான். மேனேஜர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மற்ற எல்லோரும் வருவார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வீடியோ அணைந்ததும் அவள் என் மேசைக்கு வந்து, "அக்கா, என் பேர்ல எத்தனை இருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். பதில் தெரிந்தேதான் கேட்டாள், பாவம்.

யார் யாருக்கு எத்தனை என்று கேட்டுக் கட்டளை தட்டினேன். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. மேனேஜர் பெயர், அறுபத்து நான்கு. அவ்வளவுதான். எதுவும் இல்லாதவர்களை அந்தக் கருவி காட்டவே காட்டாது. பூஜ்யம் என்றுகூடச் சொல்லாது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வேலை பாஸ் என்ற அனுமதியில் இங்கே இருப்பவளுக்கு வேலை போனால் முப்பது நாளில் மூட்டை கட்ட வேண்டும். அவள் வீட்டுக்காரர் அவளைச் சார்ந்துதான் இங்கே இருக்கிறார். மகளுக்கு ஒரு வருடம் காத்திருந்து இந்த ஜனவரியில்தான் பிரைமரி ஒன்றில், முதல் வகுப்பில், இடம் கிடைத்தது. அந்தப் பிள்ளை சீருடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்ற படத்தை என்னிடம் காட்டிக் காட்டிக் குழந்தை மாதிரி சிரித்தவள் இவள். இப்போது கண் கலங்கக்கூட இல்லை, மேசையையே வெறித்துக்கொண்டிருந்தாள். பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னது அவள். ஆனால் கட்டளை தட்டிய கை என்னுடையது.

"கவலைப்படாத. ஒரு வரி மாத்தினா முடிஞ்சது" என்றேன். முடியவில்லை. ஓனரை மாற்றவும் அந்தக் கருவி கேட்கும், இப்போதைய ஓனரிடம். அவர் ஒய் தட்டினால்தான் பெயர் நகரும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போனேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால் அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு மரியாதையாகவே பேசினேன். எழுதியவர்கள் பெயருக்கு மாற்றிவிடலாம் சார், நீங்கள்தான் கணக்கில் வரமாட்டீர்களே என்றேன்.

"கண்டிப்பா செய்யலாம்மா. ஆனா பாருங்க, ஒரே நாள்ல அறுபத்து நாலும் மாறிச்சுன்னா ஹெச்கியூ என்ன நினைப்பாங்க? ரெண்டு வருஷமா நான் பொய் சொல்லிட்டிருந்தேன்னு ஆகாதா? ஒரு பிராசஸ் இருக்குல்ல? பார்ப்போம்லா."

"அவளுக்குப் பாஸ் போயிடும் சார்."

"சேச்சே. அவளை விட்டுடுவேனா? நான் பேசிக்கறேன். என் தங்கச்சி மாதிரி அவ."

பேசிக்கொண்டிருந்தபோதே அவர் கண் சான்றிதழுக்குப் போய்விட்டு வந்தது. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தங்கச்சி மாதிரி என்று அவர் சொன்னபோது உண்மையிலேயே நெகிழ்ந்திருந்தார். நெகிழ்ந்தபடியே என்னை வெளியே அனுப்பினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து, யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். அந்தக் கருவியின் உதவிப் பக்கத்தை முழுக்கப் படித்தேன். இரண்டு வருடமாக அதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன், உதவிப் பக்கத்தின் முதல் ஐந்து வரியைத் தாண்டியதில்லை. நாற்பதாவது வரியில் இருந்தது. எச்சரிக்கை என்று ஒரு வசதி. அதை முடுக்கிவிட்டால், எந்த புரோகிராம் தடுமாறினாலும் அதன் ஓனர் போனுக்கு மணி அடிக்கும். அவர் பார்த்துவிட்டேன் என்று அழுத்தும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். வேறு யாராவது சரி பண்ணிவிட்டாலும் ஓனர் அழுத்தினால்தான் ஓயும். இதை எப்போதும் முடுக்கி வைத்திருக்க வேண்டும் என்பதே தலைமையகத்தின் விதி. நாங்கள்தான் சோம்பேறித்தனத்தில் விட்டிருக்கிறோம்.

விதி விதிதானே? ஒரு வரி தட்டினேன். அறுபத்து நான்குக்கும் எச்சரிக்கை முடுக்கிவிடப்பட்டது என்று திரை சொன்னது. நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். மேனேஜரும் ஞாயிறு தவறாமல் அங்கே வருவார். அதை நினைத்துத்தான் போனேன் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆட்டுக்கறிக் கடை வரிசையில் அவர் நின்றிருந்தார். கையில் பிளாஸ்டிக் கூடை, சட்டைப் பையில் போன். போன் கத்தியது. எடுத்து அழுத்தினார். பைக்குள் வைத்தார். கத்தியது. சரக்குக்கு ஞாயிறு திங்கள் எல்லாம் கிடையாது. சீட்டு கசங்கியிருந்தால் ஒரு புரோகிராம் தடுமாறும், பேப்பர் தீர்ந்தால் இன்னொன்று தடுமாறும். எல்லாம் அற்ப விஷயம்தான். ஆனால் அறுபத்து நான்கு பேருக்கு ஒரே அப்பா என்றால் யாராவது ஒருவர் சிணுங்கிக்கொண்டேதான் இருப்பார்கள்.

கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு, "பாஸ், யாராச்சும் சீரியஸா? போய்ப் பேசிட்டு வாங்க, நான் எடுத்து வைக்கிறேன்" என்றார். பின்னால் நின்ற அம்மா ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினார்.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"காலையிலேர்ந்து முப்பது தடவை அடிச்சிருச்சும்மா! இந்த எடையைச் சரிபார்க்கிற புரோகிராம் என்னது? அது எதுக்கு என்னைக் கூப்பிடுது?"

"நீங்கதானே சார் ஓனர்."

"நான் ஓனர்னா, நானா அதை எழுதினேன்?"

இந்தக் கேள்வியைத் தேக்கா மார்க்கெட்டில் நாலு பேர் கேட்க அவர் வாயாலேயே கேட்டது எனக்குப் பால்கோவா சாப்பிட்ட மாதிரி இருந்தது. "தெரியலையே சார், பட்டியல்ல அப்படித்தான் இருக்கு" என்று அப்பாவியாகச் சொல்லிவிட்டு மீன் கடைப் பக்கம் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் போன் மறுபடியும் அடித்தது.

திங்கட்கிழமை நான் ஆபீசுக்குள் நுழைவதற்குள் மேனேஜர் என் மேசையருகே நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. "யார் எழுதினாங்களோ அவங்க பேருக்கே மாத்திடுங்க. எல்லாத்தையும். இப்பவே" என்றார். பிராசஸ் என்ற வார்த்தை அன்றைக்கு அவர் வாயில் வரவேயில்லை.

எந்த வரியை யார் எழுதினார்கள் என்று புரோகிராம்களின் சரித்திரத்தைப் படித்து, ஓனர் யாராக இருக்கலாம் என்று அந்தக் கருவியே சொல்லும். அதையும் உதவிப் பக்கத்தில்தான் கண்டுபிடித்திருந்தேன். தட்டினேன். அவளுக்கு முப்பத்தொன்று. மற்ற நால்வருக்கும் மீதி முப்பத்து மூன்று. மேனேஜருக்கு ஒன்றுமில்லை. அவர் குனிந்து உட்கார்ந்து, விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒய் தட்டினார். இந்தத் தடவை அந்தக் குறுக்குவழியைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே தட்டில் முடிந்தது.

அடுத்து அவர்கள் ஐந்து பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு பேர் பறந்துகொண்டு தட்டினார்கள். அவள் மட்டும் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சார் கோவிச்சுக்கமாட்டாரா அக்கா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உனக்குக் கொஞ்சமாவது கூறு இருக்கா? வேலையே போகப் போகுது, இப்பவும் சார் என்ன நினைப்பாரு, மோர் என்ன நினைப்பாருன்னு! உன் புள்ளைய ஸ்கூல்லேர்ந்து எடுத்துட்டு ஊருக்குப் போய் மரியாதையை ஆறவெச்சுக் குடிப்பியா? எழுதினது நீ. தட்டு!"

ஒவ்வொன்றாகத் தட்டினாள். முப்பத்தொரு முறை. கடைசியில் திரையில் அவள் பெயரும் எண்ணும் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். அன்றைக்கு மத்தியானம் கேன்டீனில் அவள் செலவில் பிரியாணி சாப்பிட்டேன், ஊரையே காப்பாற்றிய தோரணையில். இனிமேல் எவருக்கும் மரியாதைக்கென்று பெயர் கொடுக்கக்கூடாது, கொடுத்தாலும் வாங்குகிறவனுக்கு வெட்கம் வேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். ஐந்து பேரும் தலையாட்டிக் கேட்டார்கள்.

புதன்கிழமை வீடியோவில் தலைமையகத்து அம்மா மறுபடியும் வந்தார். பட்டியல் இப்போதுதான் உண்மையைச் சொல்கிறது என்று பாராட்டினார். மேனேஜர் பணிவாகச் சிரித்தார், இது தன் யோசனை என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அழைப்பை வைக்கப் போகும் நேரத்தில் அந்த அம்மா என்னைப் பார்த்து, "உங்கள் பெயரில் என்ன இருக்கிறது?" என்றார்.

"நான் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவள்" என்றேன்.

"அது புரிகிறது. உங்கள் பெயரில் என்ன இருக்கிறது?"

எனக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாளும் இந்த விதி எனக்கும்தான் என்று தோன்றவே இல்லை. எல்லோரும் வருவார்கள் என்று அந்த அம்மா சொன்னபோது, எல்லோரையும் எண்ணுகிறவளை யார் எண்ணப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். மேனேஜர் தவிர எல்லோரும் என்றால் நானும்தான். அந்த ஒற்றை வரியில் அவளுடைய பெயர் இல்லாததைப் பார்த்துப் பதறியவளுக்கு, தன் பெயரும் அங்கே இல்லை என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஏதாவது இருந்தால் நல்லது என்று சொல்லி, அதே சிரிப்போடு அவர் வைத்துவிட்டார்.

நான் இந்த ஊர்ப் பிரஜை, என்னை யாரும் நாடு கடத்தப் போவதில்லை. ஆனால் எனக்கு ஐம்பது வயது. ஐம்பது வயதில், புரோகிராம் எழுதத் தெரியாத, பட்டியல் மட்டும் வைக்கத் தெரிந்த பெண்ணுக்கு இந்தச் சிங்கப்பூரில் எவன் வேலை தருவான்? தனியாள் நான். விழுந்தால் தாங்க அண்ணன் வீட்டுச் சோபாதான், அங்கே போனால் பிரிண்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்குச் சாயந்திரம்வரை அந்தக் கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டினேன். நான் எழுதிய ஏதாவது ஒன்று, ஒரே ஒன்று, எங்காவது கிடக்காதா? என் பெயரைத் தேடச் சொன்னேன். எதுவும் இல்லை. சரி, பட்டியலையே பட்டியலில் சேர்த்து என் பெயரைப் போடலாமே என்று பார்த்தேன். பட்டியலைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்றது. இந்தக் கருவியைச் சேர்க்கலாமென்றால் அது தலைமையகத்தின் சொத்து. அறுபத்து நான்கு வரி எழுதியிருக்கிறேனே, எது என்ன செய்கிறது என்று, அதற்கு என்ன மதிப்பு என்று மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "அது விளக்கம்தானேம்மா, கோட் இல்லையே" என்றார். இந்த முறை அவர் சொன்னது சரி, அதுதான் எரிச்சல். பேசிப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். உண்மையிலேயே நெகிழ்ந்துதான் சொன்னார்.

வியாழக்கிழமை காலை திரையைத் திறந்ததும் எனக்கு ஒரு செய்தி காத்திருந்தது. பதினொரு புரோகிராம்கள் உங்கள் பெயருக்கு அனுப்பப்பட்டுள்ளன, உங்கள் ஒப்புதலுக்காக நிற்கின்றன. அனுப்பியவள் அவள்.

நேரே அவள் மேசைக்குப் போனேன். "என்னடி காரியம் பண்ணி வெச்சிருக்க?"

"லேபிள் அடிக்கிற வேலையெல்லாம் சேர்த்து பதினொண்ணு அக்கா. எனக்கு இருபது போதும்."

"நான் அதுல ஒரு வரி எழுதியிருக்கேனா? ஒரு புள்ளி வெச்சிருக்கேனா? திங்கக்கிழமை உன்கிட்ட என்ன சொன்னேன்? பிரியாணி வாயில இருக்கும்போதே சொன்னேன்ல?"

அவள் எழுந்துகூட நிற்கவில்லை. எப்போதும் என்னைப் பார்த்ததும் பாதி எழுந்துவிடுவாள், அன்றைக்கு உட்கார்ந்தபடியே பேசினாள்.

"சாரும்தான் ஒரு வரி எழுதல. அவருக்கு ரெண்டு வருஷம் கொடுத்து வெச்சிருந்தோம், நீங்கதான் தட்டினீங்க. உங்களுக்குக் கொடுத்தா மட்டும் தப்பா அக்கா? மணி அடிச்சா நான் பார்த்துக்கறேன். நீங்க சும்மா அழுத்திட்டுப் போங்க."

வாய் நீளம் என்று பெயரெடுத்தவள், வாயைத் திறந்து திறந்து மூடினேன். திட்டுவதற்கு என்னிடம் இருந்த வார்த்தைகளையெல்லாம் அந்த வாரமே மேனேஜருக்குச் செலவழித்துவிட்டிருந்தேன். கடைசியில், "வேணாம். திருப்பி எடுத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவள் திருப்பி எடுக்கவில்லை.

வியாழன் முழுக்க அந்தச் செய்தி அங்கேயே நின்றது. வெள்ளிக்கிழமை காலையும் நின்றது. 'என்' தட்டினால் பதினொன்றும் அவளிடமே போய்விடும், நான் சொன்னதுபடி நடந்தவளாக வீட்டுக்குப் போய்விடலாம். நேர்மையாக, வேலை இல்லாமல். யோசித்துப் பார்த்தேன். லேபிள் அடிக்கும் புரோகிராமுக்கு விளக்கம் எழுதியது நான்தானே என்று ஒரு நியாயம் கிடைத்தது. அவளுக்கு இந்த வேலை நிலைத்ததே என்னால்தானே என்று இன்னொரு நியாயம் கிடைத்தது. மத்தியானத்துக்குள் ஏழெட்டு நியாயம் சேர்ந்துவிட்டது. மேனேஜரும் இரண்டு வருடம் முன்னால் இப்படித்தான் சேர்த்திருப்பார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அவர் ஏழெட்டுக்காகக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. தூரத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்தாள், வேண்டுமென்றே என் பக்கம் பார்க்காமல் இருந்தாள். திரையில் முதல் கேள்வி வந்தது. இது உங்களுடையது, ஒப்புக்கொள்கிறீர்களா?

எல்லாவற்றையும் ஒரே தட்டில் முடிக்கும் குறுக்குவழி எனக்குத் தெரியும். ஆனால் நான் ஒவ்வொன்றாகத்தான் தட்டினேன். பதினொரு முறை கேட்டது, பதினொரு முறையும் ஒய் அழுத்தினேன். மேனேஜர் விரல் மாதிரியே என் விரலும் கூச்சப்படவில்லை.